முப்பதும் ஒன்பதும்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள், சார். எனக்கு இந்த ஓரம் போதும். சாத்தூர்தானே? நானும் சாத்தூர்தான். பை உங்கள் காலில் இடித்தால் சொல்லுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே காகிதம்தான். முப்பத்திரண்டு பக்கம்.

நான் பஸ்ஸில் பேசுகிற ஆள் இல்லை. பக்கத்தில் இருப்பவர் மணி கேட்டால் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டுவேன், அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருஷம் சர்வே ஆபீஸில் செயின்மேன். சர்வேயர் ஒரு முனையில் நின்று எழுதுவார். நான் மறுமுனையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நடுவில் இருபது மீட்டர் வெயில். அதில் என்ன பேசுவது?

இன்றைக்குப் பேச வேண்டியிருக்கிறது. காலையிலிருந்து ஏழு பேரிடம் சொல்லிவிட்டேன். ஏழு பேரும் பாதியிலேயே எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் எட்டாவது ஆள். புத்தி சொல்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இல்லையா? சரி.

பல்கலைக்கழகத்துத் தேர்வுப் பிரிவுக்குப் போய்விட்டு வருகிறேன். மார்க் விஷயம். கூட்டிக் கேட்கப் போகவில்லை, சார். குறைக்கச் சொல்லிப் போனேன். ஒரு மார்க்.

சிரிக்கலாம். தப்பில்லை. அங்கேயும் சிரித்தார்கள்.

தபாலில் ஒரு படிப்பு இருக்கிறது. 'ஒரு மாறி நுண்கணிதம், அறிமுகம்.' காலேஜில் முதல் வருஷம் கணக்கு எடுக்கிறவர்கள் படிக்கிற அதே பாடம். ஒரே தாள். பத்தாவது தேறியிருந்தால் போதும், வயது வரம்பு கிடையாது. சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு கல்லூரியில் வகுப்பு நடக்கும். நூற்றுக்கு நாற்பது எடுத்தால் சான்றிதழ். இரண்டு வருஷம் கெடு, அதற்குள் நான்கு தடவை எழுதலாம். நான் சேரும்போது எனக்கு அறுபத்து நான்கு.

எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? ரிட்டயர் ஆகிற வருஷம் ஆபீஸுக்குப் புது மிஷின் வந்தது. அதுவரைக்கும் கண்மாய்க் கரையில் இருக்கிற நிலம், வளைந்து வளைந்து போகிற நிலம், இதையெல்லாம் நாங்கள் கட்டம் எண்ணித்தான் பரப்பு சொல்வோம். புலப்படத்துக்கு, அதாவது நிலத்தின் வரைபடத்துக்கு, மேலே கட்டம் போட்ட கண்ணாடித்தாளை வைக்கவேண்டியது. முழுக் கட்டத்தை எண்ணவேண்டியது. வளைவில் வெட்டுப்பட்ட கட்டம் பாதியும் அதற்கு மேலும் இருந்தால் ஒன்று. பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடு. எண்ணுவது சர்வேயர் வேலை. ஆனால் ஆபீஸில் எண்ணியது நான்தான். என் எண்ணிக்கை தப்பாது என்று அவர்களுக்கே தெரியும்.

அந்த மிஷின் வளைவைச் சுற்றிப் புள்ளி வைத்ததும் பரப்பைச் சொல்லிவிட்டது. புதிதாக வந்த சர்வேயர் சின்னப் பையன் போலத்தான் இருப்பார், இஞ்சினியரிங் படித்தவர். "எப்படி சார் எண்ணுது?" என்று கேட்டேன். அந்த ஆபீஸில் நானாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். "அது கால்குலஸ், வெயிலுமுத்து. உனக்கு வராது" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. தெரிந்ததைச் சொன்னார்.

வருமா வராதா என்று பார்க்கவேண்டுமா இல்லையா? பார்க்க ஆறு வருஷம் ஆயிற்று. கூச்சம். விண்ணப்பம் வாங்கவே மூன்று தடவை போய்த் திரும்பி வந்தேன்.

என் வீட்டுக்காரி பெயர் சீனியம்மாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். "என்ன படிப்புங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். "ஒரு மாறி" என்றேன். அவளுக்கு அது வேறு மாரியாக விழுந்துவிட்டது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். தெரு முழுக்க, "அவுக மாரி கணக்கு படிக்காக" என்று சொல்லி வைத்திருக்கிறாள். வல்லின ற, இடையின ர என்று நான் உட்கார்ந்து விளக்கினேன். "ரெண்டும் அவதானே" என்று எழுந்து போய்விட்டாள்.

வகுப்பில் முதல் சனிக்கிழமை பத்தொன்பது பேர். கடைசிச் சனிக்கிழமை நான்கு பேர். நான் இருபத்து நான்கு சனிக்கிழமையும் போனேன். அவள் இருபத்து நான்கு தூக்குவாளி கட்டிக்கொடுத்தாள். வீட்டில் நான் படிக்கிற நேரத்தில் டிவி போடமாட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே. ஒரு வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு நாள். புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். எனக்கு எந்த நாள் எத்தனை பக்கம் படித்தேன் என்று தெரியவேண்டும், அதற்காக.

பாடம் எடுத்தவர் கமலினி மேடம். நல்ல குரல். முதல் பாடமே எல்லை. எனக்குச் சந்தோஷம். எல்லை எனக்குத் தெரியாததா? முப்பத்து மூன்று வருஷம் அதில்தான் நின்றேன்.

அங்கேதான் சார் வந்தது வினை. நமக்கு எல்லை என்றால் கல். சர்வே கல். தலையில் குறி வெட்டியிருக்கும். குனிந்து தொட்டுப் பார்க்கலாம். கால் வலித்தால் உட்காரலாம். இவர்கள் சொல்கிற எல்லையில் போய் நின்றால் ஒன்றும் இருக்காது. கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். எக்ஸ் வர்க்கத்தில் நான்கைக் கழித்து, எக்ஸில் இரண்டைக் கழித்து, அதை இதால் வகு. எக்ஸுக்கு இரண்டைப் போட்டால் மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். விடை இல்லை. அது எனக்கே தெரிந்தது. "ஆனா எல்லை நாலு" என்கிறார். போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லாத இடத்துக்கு நான்கு என்று பேர். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கேட்கவில்லை. பத்தொன்பது பேருக்கு முன்னால் எப்படிக் கேட்பது?

முதல் தேர்வு வந்தது. 'எல்லையைக் காண்க' என்று ஐந்து கேள்வி. ஆளுக்கு இரண்டு மார்க்... ஆளுக்கு என்றா சொன்னேன், கேள்விக்கு இரண்டு மார்க். நான் ஐந்தையும் போட்டுப் பார்த்தேன். ஐந்திலும் பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம். ஐந்துக்கும் 'கல் இல்லை' என்று எழுதினேன்.

அது தப்பான பதில் இல்லை, சார். ஆபீஸில் எல்லையைப் பார்த்து வரச் சொல்லி அனுப்புவார்கள். கல் இருந்தால் 'கல் உள்ளது.' இல்லாவிட்டால் 'கல் இல்லை.' பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டமே உண்டு. அதற்கு மேல் எழுதினால்தான் சத்தம் போடுவார்கள். இங்கே ஐந்துக்கும் முட்டை. மொத்தம் இருபத்து இரண்டு.

மறுபடி வகுப்புக்குப் போனேன். இந்தத் தடவை ஒரு துண்டுச் சீட்டில், 'மேடம், கல் எங்கே?' என்று எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் அதை எடுத்து உரக்க வாசித்துவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் போடவில்லை, ஆனாலும் அறுபது தாண்டியவன் அந்த அறையில் நான் ஒருத்தன்தான்.

"எந்தக் கல்லுங்க ஐயா?" என்றார்.

எழுந்து நின்றேன். நின்றேனே தவிர வாய் வரவில்லை. பிறகு எப்படியோ சொன்னேன். சர்வே கல் மேடம். எல்லை என்றால் கல் இருக்கவேண்டும் மேடம். பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"கல்லை யாராவது பிடுங்கிப் போட்டுட்டா என்ன செய்வீங்க?"

"பக்கத்துக் கல்லுல இருந்து அளப்போம் மேடம்."

"எந்தப் பக்கத்துக் கல்?"

"இடது பக்கத்துல இருந்தும் அளப்போம். வலது பக்கத்துல இருந்தும் அளப்போம். ரெண்டும் ஒரே எடத்துல வந்து நின்னா, கல் இருந்த எடம் அதான்."

"அப்ப அந்த எடத்துல கல் இருக்கணுமா?"

நான் நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்று புள்ளி ஒன்பது போட்டால் மூன்று புள்ளி ஒன்பது. இரண்டு புள்ளி ஒன்று போட்டால் நான்கு புள்ளி ஒன்று. இந்தப் பக்கமிருந்து வந்தாலும் நான்கு, அந்தப் பக்கமிருந்து வந்தாலும் நான்கு. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. அப்படியே திரும்பிக் கொண்டுபோனேன். அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உப்புக் கூடிப்போச்சாங்க?" என்று கேட்டாள். "கல் தேவையில்லை" என்றேன். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது தேர்வில் எல்லை எல்லாம் சரி. தொகையிடலில் போய்விட்டது. வளைவுக்குக் கீழே இருக்கிற பரப்பைக் காண்க. அதுதான், மிஷின் செய்கிற வேலை. அதற்காகத்தானே வந்தேன். கீற்றுக் கீற்றாக வெட்டி, கீற்றை மெலிதாக்கிக்கொண்டே போய்க் கூட்டவேண்டும். அழகாக வந்தது. ஐந்தே மூன்றில் ஒன்று என்று வந்தது. கீழே விடை என்று கோடு போட்டு 'ஐந்து' என்று எழுதினேன். மூன்றில் ஒன்று பாதிக்குக் குறைவுதானே? விட்டுவிட்டேன். கை பழக்கம். இப்படி நான்கு கணக்கில் விட்டேன். முப்பத்தொன்று.

மேடத்திடம் போய் விதியைச் சொன்னேன், பாதிக்குக் குறைந்தால் விடுவது என்று. அவர் ஒன்றும் திட்டவில்லை. "விட்டீங்களே, அது யாரோட மூணுல ஒண்ணு ஐயா?" என்றார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். அடுத்த ஆள் நோட்டை நீட்டிக்கொண்டிருந்தார், மேடம் அதைப் பார்க்கப் போய்விட்டார். நான் வெளியே வந்து நின்றேன். முப்பத்து மூன்று வருஷம். மாதத்துக்கு எத்தனை புலப்படம், ஒரு புலப்படத்துக்கு எத்தனை வெட்டுப்பட்ட கட்டம். கணக்குப் போட ஆரம்பித்தேன். போடவேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். விதிப்படிதான் விட்டேன். அதில் சந்தேகமில்லை.

மூன்றாவது தேர்வு. முடிவு கம்ப்யூட்டரில் வந்தது. நாற்பது. தேர்ச்சி. சீனியம்மாள் பிரவுசிங் சென்டரில் அதை அச்செடுத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். மறு செவ்வாய் இருக்கன்குடிக்குப் போய்ப் பொங்கல் வைத்து நேர்த்தியை முடித்தாள். தெருவில் இருபத்தாறு வீடு. இருபத்தாறு வீட்டுக்கும் லட்டு. நான் கட்டிலில் படுத்துக்கொண்டேன். யாராவது வந்து கையைக் குலுக்கிவிடுவார்களோ என்று பயம்.

அதோடு விட்டிருக்கலாம் என்று ஏழு பேரும் சொன்னார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று பார்க்கவேண்டியிருந்தது. 'ஒரு சார்பின் எல்லை, வரையறு' என்று இரண்டு மார்க் கேள்வி. அதற்கு நான் புத்தகத்தில் இருக்கிறதை எழுதவில்லை. இடப்பக்கமிருந்து அளந்தாலும் வலப்பக்கமிருந்து அளந்தாலும் ஒரே இடம் வந்தால் அது எல்லை, அங்கே கல் இருக்கவேண்டியதில்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு வந்தேனே தவிர உறுத்தல். அதற்கு என்ன போட்டார்கள் என்று பார்க்கவேண்டும். விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போட்டேன். வந்தது. அதோ, பையில் இருப்பது அதுதான்.

இரண்டுக்கு இரண்டு. பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதியிருக்கிறது. அதை விடுங்கள். அதைச் சொல்வதற்காக இவ்வளவு நேரம் பேசவில்லை.

முதல் பக்கத்தில் மூன்று கட்டம். பகுதி அ, பதிமூன்று. பகுதி ஆ, பதினேழு. பகுதி இ, ஒன்பது. மொத்தம் நாற்பது. நீங்களே கூட்டுங்கள், சார். பதிமூன்றும் பதினேழும் முப்பது. முப்பதும் ஒன்பதும்? பார்த்தீர்களா. நான் உள்ளே ஒவ்வொரு பக்கமாகவும் கூட்டினேன். மேலிருந்து கீழே பதினொரு தடவை, கீழிருந்து மேலே பதினொரு தடவை. முப்பத்தொன்பது.

இன்று காலை ஒன்பதே காலுக்குத் தேர்வுப் பிரிவில் இருந்தேன். ஜன்னலில் இருந்த பெண், "மறுகூட்டலா தாத்தா? படிவம் நாலு" என்றது. படிவம் நான்கில் 'கூடுதலாகக் கோரும் மதிப்பெண்' என்றுதான் கட்டம் இருக்கிறது. குறைவாகக் கோருவதற்குக் கட்டம் இல்லை. 'கூடுதலாக' என்பதை அடித்துவிட்டுக் 'குறைவாக' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேஜைக்குக் கொடுத்தது. இப்படியே ஆறு மேஜை. ஏழாவதாகப் பிரிவு அலுவலர் அறை. தனுஷ்கோடி என்று பெயர்ப் பலகை. உட்காரச் சொன்னார். நல்ல மாதிரி.

கூட்டிப் பார்த்தார். கால்குலேட்டரிலும் போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, இது தப்பு இல்ல. முப்பத்தொம்போதைப் பாத்தா எந்த வாத்தியாருக்கும் கை ஒண்ணு கூடத்தான் எழுதும். புரியுதா?"

"கருணை மார்க்குன்னு விதி இருக்கா சார்?"

"இந்தப் படிப்புக்கு இல்ல."

"அப்ப தப்புதான் சார்."

"ஒரு மார்க்கு ஐயா! ஒரே ஒரு மார்க்கு!"

நான் அவருக்குச் சொன்னேன். சங்கிலியில் ஒரு கண்ணி கூடுதலாக எழுதினால் அது வானத்திலிருந்து வராது சார், பக்கத்து நிலத்துக்காரனிடமிருந்துதான் வரும். இது யாரிடமிருந்து வந்தது?

"யாருகிட்ட இருந்தும் வரல. பேனாவுல இருந்து வந்துச்சு" என்றார்.

பிறகு என் பழைய மார்க்கை எல்லாம் எடுத்துப் பார்த்தார். "இருபத்திரெண்டு, முப்பத்தொண்ணு, முப்பத்தொம்போது. நெருங்கிட்டே வருது. ஆனா தொடமாட்டேங்குது. நல்லாத்தான்யா படிச்சிருக்கீரு எல்லைய" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

உடனே முகம் மாறிவிட்டது. "விளையாட்டு இல்ல ஐயா. இதை வெட்டினா நீங்க ஃபெயில். டிசம்பர்ல ஒரு தேர்வு பாக்கி. அதுவும் போச்சுன்னா உங்க பதிவே காலி. ரெண்டு வருஷப் படிப்பும் இல்லைன்னு ஆயிரும். திரும்பச் சேரவும் முடியாது, பாடத்திட்டம் மாறுது."

தெரியும் என்றேன். கெடு தேதி அட்டையிலேயே இருக்கிறது. டிசம்பருக்கு இன்னும் நூற்றுப் பன்னிரண்டு நாள்.

"வீட்டுல சொன்னீங்களா?"

இல்லை என்றேன். பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"அதான பாத்தேன்" என்றார். விண்ணப்பத்தில் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டு மேஜை மேல் வைத்தார், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், சார். தேர்வு ஹாலில்கூட அப்படி உட்காரவில்லை.

"அம்மா, பல்கலைக்கழகத்துல இருந்து பேசுறேன். உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு. பயப்படாதீங்க, நல்லா இருக்காரு. பாஸ் ஆனதை ஃபெயில் ஆக்குங்கன்னு உக்காந்திருக்காரும்மா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"எதுக்குங்களாம்?" என்றாள்.

"ஒரு மார்க்கு கூட இருக்குங்கறாரு."

"கூட இருக்குன்னு அவுகளே சொன்னாகளா?"

"ஆமாம்மா."

"அப்பக் கூடத்தான் இருக்கும். எடுத்துருங்க."

தனுஷ்கோடி சார் போன் பக்கமாகக் குனிந்தார். "அம்மா, சரியாக் கேளுங்க. எடுத்தா சான்றிதழ் கிடையாது."

"எடுத்துருங்க சார். அவுகளுக்கு இல்லாதது அவுகளுக்கு எதுக்கு? மறுக்கா எழுதுவாக." பிறகு, "காலையில வெறும் காப்பியோட வந்துட்டாக. ஏதாச்சும் சாப்பிடச் சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து நாற்பதை வெட்டி முப்பத்தொன்பது என்று எழுதினார். தேதி போட மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தினேன். தேர்ச்சி என்பதற்கு மேலும் ஒரு கோடு. முடிந்தது. கேண்டீனில் இரண்டு இட்லி வாங்கிவரச் சொல்லி, எதிரே உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது. மார்க் போனதில் எனக்கு வருத்தமில்லை. அது என்னுடையது இல்லை. டிசம்பரில் எழுதுவேன், வந்தால் வரும். வருத்தம் வேறு ஒன்று. அதைத்தான் அங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அவள் அந்த விடைத்தாளைப் பார்த்ததில்லை. நகல் வந்ததே அவளுக்குத் தெரியாது. எத்தனை பகுதி, எந்தப் பகுதிக்கு எவ்வளவு, ஒன்றும் தெரியாது. நான் தப்பாகக் கூட்டியிருந்தால்? எனக்கும் வயதாகிறது. அந்தப் பெரிய அலுவலர்கூடக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார். இவள் அடுப்படியில் நின்றுகொண்டு, 'அப்பக் கூடத்தான் இருக்கும்' என்கிறாள். சரிபார்க்காமல் ஒரு ஆள் எப்படி சார் கையெழுத்துப் போட்ட மாதிரி சொல்லலாம்?

வீட்டுக்குப் போனதும் அதைத்தான் கேட்கவேண்டும். கேட்டால் சிரிப்பாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறாள், சார்.